மூன்றாம் முறை நின்ற வால்: ஒரு டிஜே ஹெட்போன் வயர் பழுது

பழுதுக்கு வந்தது மூடிய ரக டிஜே ஹெட்போன். காதை மூடும் கிண்ணத்திலிருந்து கழற்ற முடியாத சுருள் வயர், நுனியில் 3.5 மி.மீ. பிளக், அதன்மேல் திருகி மாட்டும் 6.3 மி.மீ. அடாப்டர். கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து மண்டபங்களில் கல்யாண டின்னருக்கு வாரம் இரண்டு இரவு ஓடுகிற சாமான். கூடவே வந்த புகார்: "அண்ணே, பாட்டுல ஆள் குரலைக் காணோம், மியூசிக் மட்டும் ஓடுது. வயரைத் திருப்புனா வந்துருது."

பாதிப் பழுது இந்தப் புகாரிலேயே இருக்கிறது. ஒரு காது மட்டும் செத்தால் அந்தப் பக்கத்துக் கம்பி அறுந்திருக்கும். இரண்டு காதிலும் ஏதோ கேட்டு, நடுவில் நிற்கும் குரல் மட்டும் மறைந்தால் அறுந்தது பொதுக் கம்பி, அதாவது கிரவுண்ட். அது போனதும் இரண்டு டிரைவரும் (கிண்ணத்துக்குள் ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) இடக் கம்பிக்கும் வலக் கம்பிக்கும் நடுவே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து நின்றுவிடுகின்றன. இரு பக்கமும் ஒரே மாதிரி வரும் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பக்கத்துக்குப் பக்கம் மாறுபடுவது மட்டும் காதுக்கு வரும். பாட்டில் குரல், பேஸ், கிக் (தாளத்தின் அடி டிரம்) மூன்றும் பெரும்பாலும் நடுவில்தான் இருக்கும். கிக் இல்லாமல் பீட் பிடிக்க முடியாது, அன்றைய வேலை அதோடு நின்றது.

மிக்சரில் மோனோ ஸ்பிளிட் போட்டு ஒரு காதில் கியூ (அடுத்து வரப்போகும் பாட்டு), மறு காதில் மாஸ்டர் (மண்டபத்தில் ஓடும் பாட்டு) என்று பிரித்துக் கேட்பவர்களுக்கு இதே பழுது வேறு முகம் காட்டும். இரண்டு பாட்டும் இரண்டு காதிலும் கலந்து கேட்கும். மிக்சர்தான் போய்விட்டது என்று நினைத்து அதைத் திறக்கப் போவார்கள். முதலில் ஹெட்போனை மாற்றிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை.

அறுந்த இடம்

மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து பிளக்கில் மூன்று அளவு எடுக்க வேண்டும். பிளக்கின் உலோகம் கறுப்புக் கோடுகளால் நுனியில் முனை, நடுவில் வளையம், அடியில் உடல் என்று பிரிந்திருக்கும். முனைக்கும் உடலுக்கும் இடையே இடது டிரைவர், வளையத்துக்கும் உடலுக்கும் இடையே வலது டிரைவர், முனைக்கும் வளையத்துக்கும் இடையே இரண்டும் சேர்ந்தது. இந்த ஹெட்போனில் வயர் நேராக இருக்கும்போது 38, 38, 76. பிளக்கின் பின்னால் வயரைக் காக்கும் ரப்பர் வாலுக்குப் பக்கத்தில் வயரை லேசாக மடக்கியதும் முதல் இரண்டும் திறந்த சுற்று என்று காட்டின. மூன்றாவது 76-லேயே அசையாமல் நின்றது. கிரவுண்ட் அறுந்திருக்கிறது, இடமும் வலமும் நலம் என்று இதற்கு அர்த்தம். மீட்டர் முனை படும்போது டிரைவரில் மெல்லிய 'டிக்' கேட்கும், அதனால் ஒன்றும் ஆகாது. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு சோதிக்காமல் இருந்தால் போதும்.

அறுந்த இடத்தைத் தேட, மீட்டர் பிளக்கில் இருக்கும்போதே வயரைக் கிண்ணத்தின் பக்கமிருந்து ஒரு செ.மீ. ஒரு செ.மீ.யாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மடக்கிக்கொண்டே வர வேண்டும். பிளக் பக்கமிருந்து தொடங்கினால் முதல் அறுப்பைக் கண்டதும் கை நின்றுவிடும். கிண்ணத்துப் பக்கம் இரண்டாவது ஒன்று இருந்தால் தவறிவிடும். இதில் ஒன்றுதான் இருந்தது: ரப்பர் வால் முடிந்து வெறும் வயர் தொடங்கும் இடத்துக்கு 2 மி.மீ. வெளியே.

வாலைப் பிளேடால் நீளவாக்கில் கீறித் திறந்ததும் காரணம் கையில் பட்டது. புதிதாக இருக்கும்போது அந்த ரப்பர் வால் அடியில் தடித்து நுனியில் மெலிந்து, தென்னை ஈர்க்குப் போல நீளம் முழுக்க வளைந்து கொடுக்கும். வியர்வையும் சூடும் பட்டுப் பட்டு அதன் மென்மை போய், குச்சி மாதிரி விறைத்திருந்தது. குச்சி வளையாது. ஆகவே வளைவு முழுவதும் குச்சி முடியும் ஒரே புள்ளியில் விழுந்தது. உள்ளே இருக்கும் செம்பு இழைகள் தலைமுடி போல மெலிந்தவை. ஒரே புள்ளியில் ஆயிரக்கணக்கான முறை மடங்கினால் ஒவ்வொன்றாக விட்டுவிடும். கடைசி ஒன்றிரண்டு இழை மிஞ்சும் கட்டத்தில்தான் 'திருப்பினால் வருது' என்ற புகார் பிறக்கிறது.

இழுத்துத்தான் வயர் அறுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். இழுப்பைத் தாங்குவதற்காக உள்ளே நூலிழை பின்னியிருக்கிறார்கள், அது நன்றாகவே தாங்கும். மென்மையான பகுதி விறைப்பான பகுதியைச் சந்திக்கும் எல்லையில் மடங்குவதுதான் ஆளைக் கொல்கிறது. அந்த எல்லையைக் கரைப்பதுதான் கீழே வரும் வேலை முழுதும். இது விளங்காமல்தான் இரண்டு முறை சறுக்கியது.

முதல் முறை: 3 வெள்ளி (ரிங்கிட்) பிளக்

புடு எல்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஜாலான் பாசார். உதிரி பாகங்களுக்கு அங்குதான் போக வேண்டும். வெர்னியர் அளவுகோலால் வயரின் தடிப்பை அளக்காமல் போனது முதல் தவறு. வாங்கி வந்தது பின்புறம் சுருள் ஸ்பிரிங் வைத்த உலோக 3.5 மி.மீ. பிளக், 3 வெள்ளி. ஸ்பிரிங்கின் உள்விட்டம் 5 மி.மீ.; வயரின் தடிப்பு 3.1. ஸ்பிரிங் வயரைத் தொடவே இல்லை, நகை மாதிரி சும்மா நின்றது.

வயரை அறுந்த இடத்திலிருந்து 3 செ.மீ. உள்ளே தள்ளி வெட்டியபோது செம்பு கறுத்துப் பச்சை படிந்திருந்தது. வியர்வை வெடிப்பு வழியே ஏறிய தடம் அது. பளிச்சென்று செம்பு தெரியும்வரை வெட்டியதில் மொத்தம் 7 செ.மீ. போயிற்று. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. அங்கே கஞ்சத்தனம் பார்த்தால் வேலை இரட்டிப்பாகும்.

உள்ளே நான்கு கம்பி: சிவப்பு, பச்சை, செம்பு நிறத்தில் இரண்டு. பச்சை இடது, சிவப்பு வலது, மற்ற இரண்டும் கிரவுண்ட். நிறத்தை மட்டும் நம்பி வைக்காதீர்கள், சில தயாரிப்புகளில் இடதுக்கு நீலம் வரும். மீட்டரை வைத்து எந்தக் கம்பிச் சோடியில் எந்தக் காது 'டிக்' என்கிறது என்று பார்த்துவிட்டு எழுதி வையுங்கள்.

இரண்டாவது தவறு ஈயத்தில். இந்தக் கம்பிகளில் தெரியும் நிறம் பிளாஸ்டிக் உறை இல்லை, இழை ஒவ்வொன்றின் மேலும் பூசிய மெல்லிய வார்னிஷ். அதை எடுக்காமல் பற்றவைத்தால் ஈயம் கம்பியைச் சுற்றி உருண்டு நிற்கும், பிடித்த மாதிரியே தெரியும், மீட்டரும் சரி என்று சொல்லும். நுனியில் வெட்டுப்பட்ட இடம் மட்டும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கும். அப்படித்தான் ஆயிற்று: நான்கு நிகழ்ச்சி தாங்கியது, ஐந்தாவதில் வலது காது கரகரத்தது.

லைட்டரால் சுட்டு வார்னிஷை எடுக்கும் பழக்கம் பரவலாக உண்டு. அது வேண்டாம். தீ செம்பையே சுட்டுக் கறுக்க வைக்கும், இழை உடையும் பதத்துக்கு வந்துவிடும், நூலிழை உருகிக் கட்டியாகும். சரியான வழி: கத்தரியால் நூலிழையை மட்டும் அடியோடு நறுக்கிவிட்டு, சால்டரிங் அயர்னை 380 டிகிரியில் வைத்து, முனையில் ஒரு மிளகு அளவு ஈயத்தை உருட்டி நிறுத்தி, கம்பியின் கடைசி 4 மி.மீ.யை அந்தத் துளிக்குள் விட்டு 3, 4 நொடி பிடிக்க வேண்டும். புகை வரும், வார்னிஷ் எரியும் வாசனை வரும். ஜன்னல் திறந்திருக்கட்டும், மின்விசிறி புகையை முகத்துக்குத் தள்ளாமல் இருக்கட்டும். துளியிலிருந்து எடுக்கும்போது கம்பி முழுக்க வெள்ளிப் பூச்சுப் போட்டது மாதிரி வர வேண்டும். நடுவில் நிறத்தின் மிச்சம் தெரிந்தால் புதுத் துளி வைத்து இன்னொரு முறை. பழைய துளி எரிந்த வார்னிஷால் அழுக்காகிவிடும், அதைத் தட்டிவிட வேண்டும். 63/37 (வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு) ஈயம், 0.8 மி.மீ. தடிப்பு, உள்ளே ரோசின் பிளக்ஸ் உள்ளது இந்த வேலைக்கு வசதி.

வயரின் வெளி உறைக்கு இந்தச் சூடு ஆகாது, உருகிப் பின்வாங்கும். பூச்சு முடிந்தபின் பிளக்கில் பற்றவைக்கும்போது 350 டிகிரிக்கு இறக்கி, ஒரு நொடிக்கு மேல் பிடிக்காமல் எடுத்தால் தப்பும்.

இரண்டாம் முறை: எபாக்சி

ஈயப் பிழை புரிந்ததும் அதே ரகப் பிளக்கில் சுத்தமாகப் பற்றவைத்து, பிடிப்பில்லாத ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பிசைந்து பூசும் எபாக்சி களிமண்ணை வைத்து மூடி, பேனா ஸ்பிரிங் ஒன்றையும் வயரில் கோத்து அதில் புதைத்தேன். பார்க்க இரும்பு மாதிரி இருந்தது. மூன்றாவது வாரம் எபாக்சியின் விளிம்பில், பிளேடால் வெட்டியது போல், அறுந்தது. பழைய விறைத்த வால் செய்த அதே வேலையை எபாக்சி இன்னும் கச்சிதமாகச் செய்திருந்தது. பேனா ஸ்பிரிங் அறுப்பை 6 மி.மீ. தள்ளிவைத்ததோடு சரி, ஸ்பிரிங்கின் கடைசி வளையம் உறையைக் கடித்து அடையாளம் போட்டிருந்தது.

பசை தடவிய தடித்த ஹீட் ஷ்ரிங்க்கை (சூடு பட்டால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்) ஒரே அடுக்காக நீளமாகப் போடுவதும், சூப்பர் குளூ ஊற்றுவதும் இதே வகைதான். எவ்வளவு பலமாகப் பிடிக்கிறீர்களோ, அந்தப் பிடியின் விளிம்பில் அவ்வளவு சீக்கிரம் அறும்.

மூன்றாம் முறை

இம்முறை வயரை முதலில் அளந்தேன், பிறகுதான் பிளக். 3.5 மி.மீ. யோசனையையும் கைவிட்டேன். பழைய பிளக்கில் அடாப்டர் திருகி நிற்க மரை இருந்தது. சந்தையில் கிடைக்கும் பொதுப் பிளக்கில் அந்த மரை கிடையாது. அடாப்டரைச் செருகித்தான் வைக்க முடியும், இழுத்தால் பிளக் வந்துவிடும், அடாப்டர் மிக்சருக்குள்ளேயே நின்றுவிடும். இருட்டில் அதைக் கிள்ளி எடுத்தவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை. ஆகவே வயர் நுனியில் நேரடியாக 6.3 மி.மீ. ஸ்டீரியோ பிளக், நியூட்ரிக் என்பி3எக்ஸ், நேர் வகை. சுமார் 20 வெள்ளி. மூன்று வெள்ளிக்கும் இருபதுக்கும் உள்ள வித்தியாசம் பின்பக்கப் பிடியில் இருக்கிறது: மூடியைத் திருகத் திருக உள்ளே ஒரு பிளாஸ்டிக் பிடி வயரைச் சுற்றிலும் சமமாக அழுத்தும். மலிவு பிளக்கில் இரண்டு தகர இறக்கைகளைக் குறட்டால் மடக்குவோமே, அது ஒரு பக்கம் நசுக்கி, மறுபக்கம் உறையைக் கீறும்.

இந்தப் பிடி 4 முதல் 7 மி.மீ. வயருக்குச் செய்தது, நம்முடையது 3.1. இங்கேதான் ஒரு கல்லில் இரண்டு மாங்காய் கிடைத்தது. தடிப்பை ஏற்ற ஹீட் ஷ்ரிங்க் போட்டே ஆக வேண்டும். அதையே படிப்படியாக மெலியும் வாலாகவும் போட்டுவிடலாம். சாதாரண, பசையில்லாத, பாதியாகச் சுருங்கும் 2:1 குழாய், சுருங்குமுன் 4 மி.மீ. முதல் துண்டு 35 மி.மீ. நீளம், வயர் நுனியில் உறை முடியும் இடத்திலிருந்து தொடங்கும். சுருக்கியபின் அதன்மேல் இரண்டாவது, 60 மி.மீ., அதே இடத்திலிருந்து. இரண்டாவதற்கு 6 மி.மீ. குழாய் எடுத்தால் சுலபமாக ஏறும். நீளமானது வெளியே இருப்பதால் உள் அடுக்கின் படி மூடிக்கொள்ளும், மேசை விளிம்பில் மாட்டாது. இரண்டு அடுக்கும் சேர்ந்து வெர்னியரில் 4.8 மி.மீ. பிளக்கின் பிடி தடித்த இடத்தில் கவ்வும். பிளக்கின் சொந்த ரப்பர் வளையத்தைத் தாண்டி முதலில் இரட்டை அடுக்கு, பிறகு ஒற்றை, பிறகு வெறும் வயர். விரலால் வளைத்தால் வளைவு நாலைந்து செ.மீ. நீளத்துக்குப் பரவுகிறது. பழைய வாலில் அது ஒரு புள்ளி.

சுருக்குவதற்கு ஹாட் ஏர் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, வயரைச் சுழற்றிக்கொண்டே. லைட்டர் தீ குழாயை ஒரு பக்கம் கருக்கும், உள்ளே வயர் உறையையும் இளக்கும். சுருள் பகுதியில் சூடு படாமல் ஈரத் துணி சுற்றிக்கொள்வது நல்லது. சூடுபட்ட சுருள் தளர்ந்து தொங்கும்.

பற்றவைக்கும் முன் மூடி, பிடி இரண்டையும் வயரில் கோத்துவிட்டோமா என்று பார்க்க வேண்டும். நாலு கம்பியையும் அழகாகப் பற்றவைத்துவிட்டு மூடி மேசையில் கிடப்பதைப் பார்க்கும் கணம் எல்லோருக்கும் ஒரு முறையாவது வந்திருக்கும். இந்த வேலையிலும் வந்தது, மூன்றாம் முறையில்கூட.

முனைக்குப் பச்சை, வளையத்துக்குச் சிவப்பு, உடலுக்கு இரண்டு செம்புக் கம்பியும் முறுக்கி ஒன்றாக. கிரவுண்ட் கம்பியை மற்றதைவிட 3 மி.மீ. கூடுதலாக விட்டேன், எப்போதாவது பிடி நழுவினால் கடைசியாகப் போகட்டும் என்று. மீட்டரில் மறுபடி 38, 38, 76. பிறகு வாலை நாலு திசையிலும் இருபது முறை மடக்கி அதே மூன்று அளவு. எண் அசையவில்லை என்றால்தான் மூடியை இறுக்க வேண்டும்.

கிண்ணத்துப் பக்கம்

பிளக் பக்கம் பலமானதும் அடுத்த பலவீனம் கிண்ணத்துக்குள் வயர் நுழையும் ஓட்டை. அங்கே இன்னும் அறவில்லை என்றாலும் திறந்து பார்த்தது வீண்போகவில்லை. காது மெத்தையை விளிம்போடு சுற்றி உருவி, அடியில் திருகுகளைக் கழற்றினால் உள்ளே தெரியும். வயர் பின்னோக்கி இழுபடாமல் இருக்கத் தொழிற்சாலையில் போட்டிருந்த முடிச்சு தளர்ந்து, இழுப்பு நேராகப் பற்றவைத்த இடத்துக்கே போய்க்கொண்டிருந்தது. முடிச்சை அவிழ்த்து, ஓட்டைக்கு உட்புறம் ஒட்டி 2.5 மி.மீ. கேபிள் டை இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, அதற்கும் பற்றவைத்த இடத்துக்கும் இடையே ஒரு செ.மீ. தளர்ச்சி விட்டேன். ஒன்றைப் போட்டு வெறிகொண்டு இறுக்கினால் அதுவே உறையை வெட்டும். வயர் தானாகச் சுழலாத அளவுக்கு மட்டும் இறுக்கம் போதும். டையின் வாலை வெட்டியபின் முனை கூராக நிற்கும், டிரைவரின் பின்புறம் பார்க்காமல் திருப்பி வைக்க வேண்டும்.

மண்டபத்தில் வைக்கும் விதம்

பட்டறையில் செய்ததெல்லாம் பாதிதான். சின்ன டிஜே கன்ட்ரோலர்களில் (கணினியோடு இணைத்துப் பாட்டு ஓட்டும் பலகை) ஹெட்போன் ஓட்டை முன்முகத்தில் இருக்கும், 3.5 மி.மீ. மட்டும். அதில் 6.3-ஐ 3.5 ஆக்கும் அடாப்டரோடு நேர் பிளக்கைச் செருகினால் விரல் நீளத்துக்கு இரும்புக் குச்சி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சரியாக இடுப்பு உயரத்தில். ஒவ்வொரு முறை மேசையில் சாயும்போதும் அது நெம்புகோலாகி உள்ளே போர்டில் இருக்கும் ஓட்டையைப் பெயர்க்கும். வயர் போனால் ஐம்பது வெள்ளி, அந்த ஓட்டை போனால் கன்ட்ரோலரையே திறக்க வேண்டும்.

அதற்காக 20 செ.மீ. குட்டை வயர் ஒன்று தனியாகக் கட்டினேன்: ஒரு முனையில் எல் வடிவ 3.5 மி.மீ. பிளக், மறுமுனையில் 6.3 மி.மீ. பெண் ஜேக், அதாவது பிளக் நுழையும் ஓட்டை. எல் பிளக் கன்ட்ரோலரின் முகத்தோடு படிந்து உட்காரும். பெண் ஜேக்கின் உடலை வெல்க்ரோ நாடாவால் ஸ்டாண்டின் காலோடு இறுக்கிக் கட்டி, அதன் வாய் ஆள் நிற்கும் பக்கம் பார்க்கும்படி வைக்க வேண்டும். இந்தத் திசை முக்கியம். மாப்பிள்ளையின் தம்பி வந்து வயரில் காலை விட்டால், இழுப்பு எல் பிளக்குக்குப் போகாமல் ஜேக்கின் நேர்க்கோட்டில் விழுந்து, 6.3 பிளக் அலுங்காமல் உருவிக்கொள்ளும். எல் பிளக் இருக்கிறதே, இடித்தால் தாங்கும், இழுத்தால் தாங்காது; பக்கவாட்டில் திருகி ஓட்டையோடு வரும். ஹெட்போன் வயரிலேயே நேரடியாக எல் பிளக் போட வேண்டாம் என்பது அதனால்தான்.

குட்டை வயர் பலியாடு. அடி, வளைவு, வியர்வை எல்லாம் அதற்கே. போனால் 20 செ.மீ. வயரும் பத்து நிமிடமும்.

மேல்முகத்தில் 6.3 ஓட்டை வைத்த பெரிய மிக்சரில் குட்டை வயர் வேண்டாம். பிளக்கிலிருந்து 25 செ.மீ. தள்ளி வயரை ஒரு மெல்லிய வெல்க்ரோவால் மேசைக் காலில் பிடித்து, நடுவே தளர்வான வளைவு விட்டால் சரி. நாடாவின் ஒட்டும் பகுதி 2 செ.மீ.க்கு மேல் வேண்டாம். கால் பட்டால் பிரிந்துவிட வேண்டும், மிக்சரை இழுத்துக்கொண்டு வரக் கூடாது.

சுருள் வயருக்கு ஒரு பாராட்டும் ஒரு குறையும். காலில் விழாது, சரி. ஆனால் ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசில் மாட்டி 2 மீட்டருக்கு நீட்டினால் சுமார் 300 கிராம் காட்டியது. அதைக் கிண்ணமும் பிளக்கும் இரவு முழுக்கத் தாங்க வேண்டும். ஓட்டைக்கும் ஆளுக்கும் ஒன்றரை மீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் நேர் வயர்தான் நல்லது. தளர்ந்த சுருளை மீட்கலாம்: 8 மி.மீ. கம்பியில் நெருக்கமாகச் சுற்றி இரு முனையையும் கட்டி, முடி உலர்த்தியால் ஐந்து நிமிடம் சுற்றிலும் சூடு காட்டி, முழுக்க ஆறவிட்டுக் கழற்றி, பிறகு ஒவ்வொரு வளையமாக எதிர்த் திசையில் திருப்பிவிட வேண்டும். புதிது போல் ஆகாது, முக்கால்வாசி திரும்பும்.

நிகழ்ச்சி முடிந்ததும் வயரைத் தலைப்பட்டையைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பழக்கம்தான் கிண்ணத்து ஓட்டையில் அறுப்பதற்கு முதல் காரணம். நேர் வயரை ஒரு வளையம் நேராக, ஒரு வளையம் உள்திருப்பி என்று மாற்றி மாற்றி, ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றினால் முறுக்கு சேராது. சுருள் வயரைச் சுற்றவே வேண்டாம், பைக்குள் இறக்கிவிட்டால் போதும். ஈரத் துணியால் ஒரு துடைப்பு, பிறகு காய்ந்த துணி. ஸ்பிரிட்டால் வயரைத் துடைக்கக் கூடாது, உறையின் மென்மையை அது உறிஞ்சும். ஸ்பிரிட் பிளக்கின் உலோகத்துக்கு மட்டும். உப்புத்தாளும் வேண்டாம், பூச்சுப் போய்விடும். காரின் பின்பெட்டியில் பகல் முழுக்க விட்டுவைத்தால் இந்த ஊர் வெயிலில் உறை பிசுபிசுத்து, சுருள் நீண்டு, காது மெத்தையும் சேர்ந்து உரியும். பைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நீல மணி நிறம் மாறியதும் மாற்றலாம்.

செலவு

வீணானது: இரண்டு மலிவு பிளக் 6, எபாக்சி 6. நின்றது: 6.3 பிளக் 20, ஹீட் ஷ்ரிங்க் இரண்டு அளவு 4, பெண் ஜேக் 12, எல் பிளக் 9, குட்டை வயர் 1, வெல்க்ரோ 5. ஆக 51 வெள்ளி, வீணானது சேர்த்து 63. அயர்ன், மீட்டர், ஈயம் கையில் இருந்தவை. மூன்றாம் முறை மட்டும் கணக்கிட்டால் வேலை நேரம் ஒன்றரை மணி, அதில் பாதி கம்பிக்குப் பூச்சு ஏற்றியது.

அடுத்த ஹெட்போனில்

கிண்ணத்திலிருந்து 20 செ.மீ. விட்டு வயரை வெட்டி, அங்கே மூன்று பின் மினி எக்ஸ்எல்ஆர் (உருண்டையான சிறிய ஆடியோ இணைப்பு) ஆண் இணைப்பைக் கட்டப் போகிறேன். பயனியர் எச்டிஜே-எக்ஸ்10 கிண்ணத்தில் வரும் அதே வகை, பூட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே உள்ள வயர் முழுவதும் கழற்றி மாற்றும் சாமானாகிவிடும். பின் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறலாம், வாங்கும் வயரை மீட்டரால் பார்த்துவிட்டுத்தான் எதிர்முனையைப் பற்றவைக்க வேண்டும். காது பக்கம் பூட்டு இருப்பதால் மிக்சர் பக்கம் கண்டிப்பாக நேர் பிளக். இரண்டு பக்கமும் பூட்டினால் தடுக்கி விழும்போது ஹெட்போன் பறக்கும்.

புதிதாக வாங்குபவர் கேட்டால் பதில் ஒன்றுதான்: வயர் கழலுகிறதா என்று முதலில் பாருங்கள், சத்தத்தைப் பிறகு கேளுங்கள். 1988-இல் வந்த சென்ஹைசர் எச்டி 25 இன்னும் மேசைகளில் கிடப்பதற்கு அதன் இரண்டு காதிலும் வயர் பிடுங்கி மாட்டும்படி இருப்பது பெரிய காரணம். ஆடியோ-டெக்னிக்கா ஏடிஎச்-எம்50எக்ஸ் பெட்டியிலேயே மூன்று வயர் வருகிறது: 1.2 மீட்டர் நேர், 3 மீட்டர் நேர், 1.2-லிருந்து 3 வரை நீளும் சுருள். திருகிப் பூட்டும் முனை என்பதால் கழற்றும்போது திருகாமல் இழுத்தால் உள் ஜேக் போய்விடும்.

செந்தூல் ஹெட்போன் ஐந்து மாதமாக ஓடுகிறது. குட்டை வயர் ஒன்று மாற்றியாயிற்று, எல் பிளக்கின் அடியில்தான், எதிர்பார்த்த இடத்திலேயே போனது. போன வாரம் வெல்க்ரோ மாற்ற வந்தபோது வாலை விரித்துப் பார்த்ததில் 60 மி.மீ. குழாயின் விளிம்பில் வயர் கொஞ்சம் மினுமினுக்கத் தொடங்கியிருக்கிறது. அடுத்தது அங்கேதான். அதற்கு 90 மி.மீ. துண்டு வெட்டி வைத்திருக்கிறேன். பிளக்கைக் கழற்றித்தான் ஏற்ற வேண்டும்.